பதினான்கு முடிச்சு

மேல் குடியிருப்புகள் மூன்றிலும் தேடினாலும் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டாள். இடி இடித்தால் ஐயோ, நாய் குரைத்தால் ஐயோ, பக்கத்து வீட்டுக்காரி தும்மினாலும் ஐயோ. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கிறது. ஊருக்கு அவள் ஐயோக்கா. புருஷன் கீழே சாலை வேலையில் கல் உடைக்கிறவர், மாதத்துக்கு ஒரு தடவைதான் மேலே வருவார். வரும்போது நூறு அடி தூரத்திலேயே இருமத் தொடங்கிவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் போய் நின்றால் அவள் போடும் கூச்சலுக்கு ஊரே கூடிவிடும் என்பது அவருக்கு அனுபவம்.

இப்படிப்பட்டவளைத்தான் டீச்சர் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார். சிரிக்காதவர்கள் கிடையாது.

பள்ளிக்கூடம் கீழ்ச்சரிவில் இருந்தது. தகரக்கூரை போட்ட இரண்டு அறை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை. மேலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். இடையில் ஓடைமேல் ஒரு மரப்பாலம். அதைத் தாண்டினால் கல் சரியும் பாதை. மழைக்காலத்தில் அங்கே மேலேயிருந்து எப்போது எது உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மழையில் ஒரு பையன் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான், மறுநாளே மேல் குடியிருப்புகளில் படிப்பு நின்றது. இரண்டு வருடம் ஒரு பிள்ளைகூடக் கீழே இறங்கவில்லை.

டீச்சர் ஏறி வந்து கூட்டம் போட்டார். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும் என்றார். மீசை வைத்த நாலைந்து பேர் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார்கள். டீச்சர் அவர்களைத் தாண்டி, கடைசி வரிசையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் காட்டினார்.

"எனக்குத் தைரியசாலி வேண்டாம். பாலம் ஆடினா பத்துத் தடவை யோசிக்கிற ஆள்தான் வேணும்."

ஊர் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. தையல்காரம்மாதான் எழுந்து நின்று சொன்னாள். "கூட்டிட்டுப் போங்க. ஆனா என்னைக்காவது ஒரு பிள்ளை குறைஞ்சு வந்துச்சுன்னா, மறுநாள்லேருந்து ஒரு பிள்ளையும் வராது. பள்ளிக்கூடத்தை நீங்களே வச்சுக்கங்க." ஐயோக்கா தலையாட்டினாள். அன்றைக்கு ஆடிய தலை, அதற்குப் பிறகு ஒருநாளும் நிம்மதியாகத் தலையணையில் படிந்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் எண்ணிக்கை. முப்பத்தைந்து வயதுவரை அவளுக்கு எண்ணத் தெரியாது. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில்தான் கற்றுக்கொண்டாள். நூறு வரை சொல்ல வந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ ராஜ்யத்தை எழுதி வாங்கியவள் மாதிரி. அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினாள். படிக்கட்டு, விறகு, கூரையில் ஒழுகும் இடம். எண்ணும்போது மட்டும் பயம் சற்று ஒதுங்கி நின்றது. எண் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் முழுசாக நம்பினாள். புதிதாகப் படித்தவர்களுக்கு வருகிற நோய் அது. நமக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான்.

நைலான் கயிற்றில் பதினான்கு முடிச்சு போட்டாள், பிள்ளைக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், கடைசியில் இவள். கிளம்பும் இடத்தில், பாலத்தில், பள்ளிக்கூட வாசலில் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாள். ஒன்றரை வருடம் அப்படித்தான் போய் வந்தார்கள். ஒருநாள்கூட எண் பிசகவில்லை.

அந்தக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மூடுபனி வேறு. முன்னால் போகிற நாலாவது பிள்ளை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல மழைக்கோட்டை எல்லோரும் மாட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. பெரியவர்களுக்கு முட்டிவரை, சின்னதுகளுக்குத் தரைவரை. தொப்பி எல்லோருக்குமே மூக்குவரை. கிளம்பும்போது பதினான்கு. ஆட்டுப்பட்டி வளைவில் யாரோ செருப்பு அறுந்தது என்று வரிசை கொஞ்சம் நின்றது. பாலத்தில் பதினான்கு. கல் சரியும் பாதையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பதினான்கு. ஐயோக்கா பெருமூச்சு விட்டு, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, சமையல் கொட்டகையில் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

தீ பிடிப்பதற்குள் டீச்சரின் குரல் வந்தது. அது கூப்பிடுகிற குரலாக இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் கழற்றாமல் மூலையில் நின்றாள். டீச்சர் அவள் தொப்பியைப் பின்னால் தள்ளினார். ஆட்டுக்காரரின் மகள். பள்ளிக்கூடத்தில் பெயரே இல்லாத பிள்ளை.

"தையல்காரம்மா பொண்ணு எங்கே?" என்றார் டீச்சர்.

 ஐயோக்காவின் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. பதினான்கு. மறுபடி எண்ணினாள். மறுபடியும் பதினான்குதான். எண்ணில் ஒரு குறையும் இல்லை, ஒரு பிள்ளை மட்டும் இல்லை. கண்ணுக்குள் கல் சரியும் பாதை வந்து நின்றது. ஐயோ என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

ஆட்டுக்காரர் மகள் அழுதுகொண்டே சொன்னாள். "அவ விழல அக்கா. எங்க ஆட்டை ஓட்டிட்டுப் போயிருக்கா. அப்பா சந்தைக்குப் போயிருக்கார், நாளைக்குத்தான் வருவார். அம்மாவுக்குக் குழந்தை பொறந்திருக்கு, எழுந்திரிக்க மாட்டாங்க. எனக்குப் பள்ளிக்கூடத்தை ஒரே ஒருநாள் பார்க்கணும்னு இருந்துச்சு. அவதான் வளைவுல கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டா. ஒருநாள்தானேன்னு சொன்னா."

"எங்கே ஓட்டிட்டுப் போனா?"

"மேல் மேய்ச்சலுக்கு."

மேல் மேய்ச்சல் என்றால் குடியிருப்புக்கும் மேலே, பாறை விளிம்பு ஓரம். பழகின ஆட்டுக்காரரே மூடுபனி நாளில் அங்கே ஒரு எட்டுக்கு இரண்டு தடவை பார்த்துக் கால் வைப்பார். தையல்காரம்மா மகளுக்கு வயது பத்து. ஆடு மேய்த்தே பழக்கமில்லாதவள். கோட்டுகூட இல்லை.

கீழ் ஊர்ப் பிள்ளைகளும் சேர்த்து நாற்பது பேரை விட்டுவிட்டு டீச்சரால் வர முடியாது. "முதல்ல அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டு, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஐயோக்கா ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் சரியும் பாதையில் மேலே பார்க்காமல் ஓடினாள்.

தையல்காரம்மா வீட்டு வாசலை நெருங்கும்போது உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நிம்மதியில் ஓடுகிற மெஷின். ஐயோக்கா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். கூட்டத்தில் எழுந்து நின்று அந்த அம்மா சொன்னது காதில் கேட்டது. நாளைக் காலையில் ஒரு பிள்ளையும் வராது. டீச்சர் ஆறு மாதம் வீடு வீடாகக் கெஞ்சிச் சேர்த்த பதினான்கும் போய்விடும். சத்தம் போடாமல் நாமே தேடிக் கொண்டுவந்து விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கை தானாகக் கீழே இறங்கியது. பூனை மாதிரி அந்த வாசலைத் தாண்டினாள்.

அவளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மலையைவிட அந்த அம்மாவின் முகத்துக்கு அவள் அதிகம் பயந்தாள், அவ்வளவுதான்.

குடியிருப்புக்கு மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஐயோக்கா அதற்கு மேல் போனதே கிடையாது. இடதா வலதா? சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த சுவர் போலப் பனி. "கண்ணு! எங்கே இருக்கே?" என்று கத்தினாள். குரல் நாலு அடிக்கு மேல் போகவில்லை. எங்கேயோ ஒரு கல் உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. விழுந்து முடிந்த சத்தம் வரவே இல்லை. அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது. தையல்காரம்மா இந்தச் சரிவில் விறகு பொறுக்கி வளர்ந்தவள், ஒவ்வொரு பாறையும் தெரியும். வழி தெரிந்தவளை வீட்டில் மெஷின் மிதிக்க விட்டுவிட்டு, வழி தெரியாதவள் இங்கே நின்று கத்திக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது மலை இல்லை, தான்தான். திரும்பி ஓடினாள்.

கதவு திறந்தது. தையல்காரம்மா கையில் ஊசியும் வாயில் நூலுமாக நின்றாள். ஐயோக்கா நடந்ததை மூச்சு விடாமல் கொட்டினாள், வாசலைத் தாண்டிப் போனது உட்பட.  தையல்காரம்மா நூலைத் துப்பிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் நடந்தாள். இடது பாதைதான்.

அரை மணி நேரம் ஏறினார்கள்.  விளிம்பு வந்ததும் தையல்காரம்மா மண்டியிட்டு, கையால் தரையைத் தடவித் தடவி நகர்ந்தாள். ஐயோக்காவும் அப்படியே பின்னால் போனாள். அவள் கை ஒரு இடத்தில் வெறும் காற்றைத் தொட்டது. அந்தக் குளிர் வெகுநாள் வரை அவள் விரலில் இருந்தது.

பாறையடியில் ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் நனைந்த துணிமூட்டை போல உட்கார்ந்திருந்தாள் பெண். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் அடித்துக்கொண்டதில் அம்மா என்று சொல்லவே வெகுநேரம் ஆயிற்று. தையல்காரம்மா அவளை வாரி மடிக்குள் அமுக்கிக்கொண்டாள். ஐயோக்கா பக்கத்தில் நின்று வழக்கப்படி ஆடுகளை எண்ணினாள். பதினொன்று. அந்த நேரத்திலும் மனசுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இறங்கும் வழியில்தான் தையல்காரம்மா வாயைத் திறந்தாள். மகள் அவள் முதுகில் இருந்தாள், ஐயோக்கா ஆடுகளை ஓட்டி வந்தாள்.

"ஒன்றரை வருஷமா தினமும் கூட்டிட்டுப் போறே. என் பொண்ணு இல்லைன்னு உனக்குத் தெரியலையா?"

"பதினாலு இருந்துச்சு அம்மா."

"நான் பதினாலைக் கேக்கல. என் பொண்ணைக் கேக்கறேன்."

 ஐயோக்கா சொன்னாள். "நான் மூஞ்சியைப் பார்க்கறதே இல்ல. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. அவ மூஞ்சி இன்னும் என்னை விடல. இதுங்கள்ல ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னொரு மூஞ்சியை என்னால சுமக்க முடியாதும்மா. அதான் தலையை மட்டும் தொட்டு எண்ணிக்கிறேன்."

தையல்காரம்மா நின்று அவளைப் பார்த்தாள். கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை. "நாளைக்கு இவளை அனுப்பறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. மத்த வீட்டுக்காரங்ககிட்ட நான் வாய் திறக்க மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. எல்லா வீட்டுலயும்." பட்டி வந்ததும் ஆடுகளை உள்ளே தள்ளிப் படலைச் சாத்திவிட்டு, மகளோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலையில் ஐயோக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் கோட்டை மாட்டிக்கொண்டு முடிச்சுகளைப் பிடித்து நின்றார்கள். ஆட்டுக்காரர் மகள் ஓடிவந்தாள்.

"அக்கா, அவ நல்லாயிருக்காளா?"

"நல்லாயிருக்கா."

"ஆடெல்லாம்?"

"இருக்கு. பதினொண்ணும் பட்டியில இருக்கு."

அந்தப் பெண் விழித்தாள். "பதினொண்ணுன்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுக்கா. காதறுந்தவ இருக்காளா? சாம்பலி? நொண்டிக்குட்டி வந்துச்சா? மூடுபனியில வேற பட்டி ஆடு வந்து கலந்துக்கும், நம்மளுது அதுங்களோட போயிடும். அதனால அப்பா எண்ணவே விடமாட்டார். ஒவ்வொண்ணா மூஞ்சியைப் பார்க்கணும்."

 ஐயோக்கா பதினொரு ஆட்டை அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தாள். ஒன்றின் முகம்கூட நினைவில் இல்லை. ஏதாவது ஒன்று அங்கேயே விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருக்கிறதா? நாளைக்குச் சந்தையிலிருந்து ஆட்டுக்காரர் வந்து கேட்டால் இந்தப் பெண்ணின் முதுகு என்ன ஆகும்?

"மேல போனதும் நீயே பாரு. குறைஞ்சா உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள். 

பிறகு வரிசையின் முன்னால் போய் முதல் பிள்ளையின் தொப்பியைத் தூக்கினாள். பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். அடுத்ததைத் தூக்கினாள். ஒருவனுக்கு முன்பல் விழுந்து ஈறு சிவந்திருந்தது. ஒருத்திக்குக் கண்ணில் பூளை கட்டி வீங்கியிருந்தது, எத்தனை நாளாகவோ. ஒருவன் இவள் பார்க்கிறாள் என்று நாக்கை நீட்டினான். ஒருத்தி பார்க்காமலே தலையைக் குனிந்துகொண்டாள், கன்னத்தில் விரல் பதிந்த அடையாளம். இத்தனையும் ஒன்றரை வருடமாக இவள் கைக்கு நாலு அங்குலம் கீழேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முகமும் உள்ளே போய் உட்கார்ந்தது. போ என்றால் இனி ஒன்றும் போகாது.

இந்த நாள்வரை தான் பட்டதெல்லாம் பயத்திலேயே சேராது என்று அவளுக்குத் தெரிந்தது. கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மேலே காத்திருக்கும் வீடுகளை நோக்கி வரிசையை நடத்தினாள்.