கதவை அளக்காதவன்

காற்றில் கலந்திருக்கும் கதிர்வீச்சை அளப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பின்லாந்தின் தென்கரை நெடுக நட்டு வைத்த கருவிகளைப் பார்த்துக்கொள்வேன். மழைநீர், பால், காட்டுக் காளான் எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்புவேன். யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை இம்மி பிசகாமல் அளப்பவன் என்று எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஓய்வு பெற்றதும், 'என்சியோதான் சரியான ஆள்' என்று எங்கள் குடியிருப்பின் அடித்தளப் புகலறைக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அணு விபத்து நேர்ந்தால் அத்தனை வீட்டுக்காரர்களும் இறங்கிக் கதவடைத்துக்கொள்ளும் இடம் அது. மற்ற நாட்களில் பனிச்சறுக்குக் கட்டைகளும் சைக்கிள்களும் கிடக்கும். அவசரம் என்றால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். நான் சும்மா இருப்பேனா? கூட்டம் போட்டுப் பாடம் எடுத்தேன். பழைய குழந்தை வண்டியை அங்கே போட்டிருந்த ஒரு பெண்ணைத் திட்டி அழவைக்காத குறைதான்.

பிறகு அதே அறையில் நானே ஒரு படகு கட்டத் தொடங்கினேன். என் மனைவி ஹில்க்காவை அதில் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்கத் தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்று ஆசை. இரண்டு குளிர்காலம் பலகை இழைத்து, தார் பூசி, அவள் பெயரையும் முன்பக்கம் எழுதி முடித்தேன்.

அப்போதுதான் ஊர் முழுக்க அவசரகால ஒத்திகை என்று அறிவித்தார்கள். எல்லோரும் சாமான்களைத் தூக்கிப் போனார்கள். கடைசியில் நாலு பேர் என் படகைத் தூக்கினார்கள். மூக்கு கதவு வழியாக வெளியே போனது. வயிறு மாட்டிக்கொண்டது. சாய்த்தோம், கவிழ்த்தோம், எண்ணெய்கூடத் தடவினோம். கான்கிரீட் சுவரும் இரும்புச் சட்டமும் அசையுமா என்ன?

குடியிருப்புச் சங்கத் தலைவி ராய்லி இடுப்பில் கைவைத்து நின்றாள். "காத்தையே அளந்த ஆளாச்சே நீ! கதவு கண்ணுக்குத் தெரியுதேன்னு விட்டுட்டியா, என்சியோ?"

"உள்ளேயே இருக்கட்டுமே ராய்லி. எட்டுப் பேர் வசதியா உக்காரலாம்."

"கதிர்வீச்சு வந்தா துடுப்புப் போட்டா தப்பிக்கப் போறோம்? நாளைக்கு ஒத்திகை. அதுக்குள்ள அறுத்து எடு."

எல்லோரும் போன பிறகு ரம்பத்தை எடுத்தேன். கை வரவில்லை. ஹில்க்கா காபி கொண்டுவந்து, படகு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கதவு பத்தாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்," என்றாள்.

ரம்பத்தைக் கீழே வைத்தேன். "அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மேல வந்துடுவியே. ரிட்டையர் ஆனதுலேர்ந்து என் பின்னாடியேதான் திரிஞ்சே. ஜன்னலைச் சாத்து, அந்தக் காளானை வாங்காதே, பாலை எங்கே வச்சேன்னு ஒரே நச்சு. நீ கீழ வந்தப்புறந்தான் எனக்கு மூச்சு விட முடிஞ்சுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ஆபத்து வந்தால் எங்கே ஒளிவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக்காரி என்னிடமிருந்து தப்பிக்க, என்னையே புகலறையில் போட்டு வைத்திருக்கிறாள்! படகை நடுவில் அறுத்தேன். படகின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

மறுநாள் சங்கு ஊதியது. எல்லோரும் இறங்கினோம், கனத்த கதவைச் சாத்தினார்கள். பொறுப்பாளர் என்று கையில் பட்டி கட்டியிருந்தும் யாருக்கும் எந்த உத்தரவும் போடவில்லை. ஹில்க்கா கோடியில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"இங்கே உக்காரட்டுமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்டுட்டு உக்கார்றது இதுதான் மொத தடவை," என்று சொல்லி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.