சிந்திய அரிசி என்று நினைத்தேன்

சாயம் ஏற்றிய அரிசி வெயிலில் காயும் வாசம் வந்தாலே எனக்கு அந்தப் பகல் நினைவுக்கு வந்துவிடும்.

மலேசியாவின் ஈப்போ நகரில் என் தங்கை நடத்தும் பாலர் பள்ளிக்குத் தீபாவளிக் கோல வேலைக்கு உதவப் போயிருந்தேன். அவள் பிள்ளைகளுக்கு மயிலோ தாமரையோ வரைந்து கொடுக்கவில்லை. வண்ண அரிசியைக் கிண்ணங்களில் தந்து, "கை எங்க போகுதோ அங்க போடுங்க" என்று விட்டுவிட்டாள்.

வாசலோரம் சிவப்பும் நீலமும் தாறுமாறாகக் கிடந்தன. பெற்றோர் வரும் நேரமாயிற்றே என்று எல்லாவற்றையும் கூட்டி முறத்தில் அள்ளினேன்.

"ஐயோ அண்ணே! அது கவினா போட்ட கோலம்லா! அவ அப்பா தெலுக் இந்தான்லேருந்து இதப் பார்க்கத்தான் வாராரு!" என்று தங்கை ஓடிவந்தாள்.

கை கழுவப் போன ஐந்து வயதுக் கவினா, உதடு பிதுங்க வந்து நின்றாள். தங்கையோ அவளைச் சமாதானப்படுத்தவில்லை; முறத்தை அவள் முன் வைத்து, "இப்ப இது எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரு கையாலும் அள்ளித் தரையெங்கும் வீசினாள். என் விளக்குமாற்றைப் பிடுங்கி, அரிசியின் மேல் ஒரே இழுப்பு இழுத்தாள். காற்றில் சாய்ந்த மழைபோல் கோடுகள் ஓடின.

கவினாவின் அப்பா வந்தார். "என்னம்மா இது?" என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓர் அரிசிகூட மிதிபடாமல் சுற்றி நடந்து போய் மகளைத் தூக்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் பக்கத்தில் எதைக் கூட்டுவதற்கு முன்பும், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கார் கிளம்பும்போது கவினா சன்னல் வழியே கத்தினாள்:

"அங்கிள், நாளைக்கும் வந்து கூட்டுங்கலா!"