இரண்டு விசில்

அப்பாவைச் சேர்க்கப் போயிருந்த மறதி நோயாளிகள் இல்லத்தின் வாசலில், காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் காவலாளி இரண்டு முறை விசில் ஊதினார். நான் சட்டென்று அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எண்பத்தொன்றில் எனக்கு ஒன்பது வயது. கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவோடு மேலூர் பஸ்ஸில் போனேன். ஓய்வுபெற்ற பிறகும் அவர் சட்டைப்பையில் விசில் இருக்கும். ஒத்தக்கடையில் இறங்க நான் படியில் ஒரு காலை வைத்தபோது பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. இரண்டு என்றால் போகலாம். டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். கம்பியில் தொங்கினேன், என் செருப்பு தார்ச்சாலையில் உரசியது.

"ஏய், புள்ள விழுது!" பஸ்ஸே அலறியது. டிரைவர் பிரேக் போட்டார்.

ஊதியவர் பெரியப்பா. என்னைக் குனிந்து பார்த்தார். "யாரு வீட்டுப் புள்ள இது? தனியாவா வந்த?"

வீட்டில் அப்பா என்னைத்தான் அதட்டினார். "வயசானா அப்படித்தான். வெளிய சொல்லாத."

நாற்பது வருடம் சொல்லவில்லை. இல்லத்தின் படிவம் கேட்டது: குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த நோய் இருந்தது? பெரியப்பா என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி காலியாக இருந்தது. அது எனக்கென்று தோன்றியதும், அவசரமாகக் கோடு போட்டு அடித்தேன்.