மாமாவின் கண்ணைக் கட்டிய கணக்கு

அப்பாவின் கோடைத் தீவனக் கலவை, பரமத்தி வேலூர் சாலையில் இருக்கும் பெரிய பண்ணையில் அப்படியே ஓடுகிறது என்று தீவன லாரி டிரைவர் வாய் தவறிச் சொன்னார். வெயிலில் எல்லார் கோழியும் முட்டையைக் குறைக்கும்போது எங்கள் கோழிகள் மட்டும் இட்டதற்குக் காரணம் அப்பா கோடைக்குக் கோடை மாற்றும் அந்தக் கலவைதான். அது அப்பாவைத் தவிர இன்னொருவருக்குத்தான் தெரியும். என் தாய்மாமாவுக்கு.

மாமா நாமக்கல்லில் பண்ணைகளுக்குக் கணக்குப் போட்டுத் தருபவர். தினமும் காலையில் முட்டை, தீவனம், ஷெட்டின் சூடு எல்லாம் அவர் சர்வருக்குப் போகும்; மறுநாள் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று பதில் வரும். அந்த சாஃப்ட்வேரைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதிக் கொடுத்தவள் நான். சூத்திரங்கள் மட்டும் அவருடையவை. கெட்டிக்கார மனிதர், அதை மறுக்கவில்லை.

அவரை விட்டு விலகலாம் என்றேன்.

"உடு சாமி," என்றார் அப்பா. "உன் தங்கச்சி கல்யாணம் வருது. தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எப்படி நடத்தறது? அவரு கணக்கு இல்லாம பண்ணையும் ஓடாது."

சரி, கணக்கை அவரே போடட்டும், ஆனால் எதையும் பார்க்காமல் போடட்டும் என்று முடிவு செய்தேன். எண்களைப் பூட்டியபடியே கூட்டவும் பெருக்கவும் வழியிருக்கிறது. விடையும் பூட்டியே வரும். சாவி உள்ளவர்தான் திறக்க முடியும். என் வேலையே அதுதான்.

தொல்லை எங்கே என்றால், அந்த மாதிரிப் பெரிய பூட்டுக்குள் போன எண் ஊதிப் பெருத்துவிடும். பண்ணைக் கம்ப்யூட்டர் கிழடு, சிக்னலோ முட்டை ரூமுக்கு வெளியே நின்றால்தான். ஒரு காலைக் கணக்கு மாமாவிடம் போய்ச் சேர்வதற்குள் கோழிகள் தின்று முடித்திருக்கும். அதனால் பண்ணையில் சாதாரணச் சின்னப் பூட்டைப் போட்டேன். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி, எண்ணும் ஊதாது. அந்தச் சாவியை மட்டும் பெரிய பூட்டுக்குள் வைத்து ஒரே ஒரு முறை சர்வருக்கு அனுப்பினால் போதும். சின்னப் பூட்டைப் பெரிய பூட்டுக்குள்ளேயே சர்வர் திறந்துகொள்ளும். திறந்தது என்ன என்று சர்வருக்கும் தெரியாது, அதன் சொந்தக்காரருக்கும் தெரியாது.

"பாதுகாப்புக்குங்க மாமா, இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க," என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டினார். அப்பா அவரை நம்பியது போலவே அவரும் என்னை நம்பினார்.

சின்னப் பூட்டாக முதலில் வங்கிகளில் புழங்கும் பூட்டைப் போட்டுச் சொதப்பினேன். அதைத் திறக்கப் பெருக்கலுக்கு மேல் பெருக்கல் தேவை. பெரிய பூட்டுக்குள் ஒவ்வொரு பெருக்கலும் எண்ணில் இரைச்சலை, அதாவது சிறு பிழையை, சேர்க்கும். அதைத் துடைத்துத் துடைத்தே நேரம் போகும்.

"ஏஞ்சாமி, மிஷினு சுத்திக்கிட்டே கெடக்குதே?" என்று போன் செய்தார் மாமா.

"இருங்க மாமா, சரி பண்றேன்," என்றேன், தேன் ஒழுக. பிறகு, பெருக்கல் குறைவாக வரும்படி இதற்கென்றே வடிவமைத்த பூட்டு ஒன்றைப் பிடித்தேன். மறுநாள் தீவன வண்டி ஷெட்டுக்குள் போகும் முன்பே பதில் வந்துவிட்டது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்த அம்மா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

திருச்செங்கோட்டில் கல்யாணம். மாமா பட்டு வேட்டியோடு மாலை எடுத்துக் கொடுத்தார். பந்தியில் அந்தப் பெரிய பண்ணைக்காரர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இந்தக் கோடைக்கு அவங்க என்னங்க போடறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பின்னால் ரசச் சட்டியோடு நின்றிருந்தேன். மாமா அப்பளத்தை நொறுக்கினார். சொல்ல அவரிடம் ஒரு எண்ணும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "திரையில ஒண்ணும் புரிய மாட்டீங்குது சாமி. சாவி யாருகிட்ட இருக்குது?"

"அப்பாகிட்டங்க மாமா."

"அதுக்கென்ன, மச்சானக் கேட்டாச் சொல்லிருவாரு."

"கேளுங்க மாமா. அவரு மூஞ்சியப் பார்த்துக் கேளுங்க. கலவைய வெளிய குடுத்தப்ப நீங்க அவரக் கேக்கவே இல்லீங்களே."

அப்பா வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றிருந்தார். மாமா அவரைக் கடந்துதான் வெளியே போனார். சாவியை இன்று வரை கேட்கவில்லை. தினமும் காலையில் எங்கள் கணக்கைப் பிழையில்லாமல் போட்டு அனுப்புகிறார்.