கீறாத கோடு

பேய், முனி, சகுனம் என்று எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். மத்தியான நேரத்தில் தனியே போகாதே என்று அம்மா சொல்லுகிற இடத்தில் வேண்டுமென்றே நின்று செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டுப் போகிற ஆள் நான். நான் செய்த வேலையும் அப்படிப்பட்டது. எண்களும் கணினியும்தான். கணினி தானாகப் பிழை விடாது, பிழை விடுவது நாங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அந்த ஒரு நாளைத் தவிர.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் அலுவலகம் இருந்தது. நிலத்தடி நீரைப் பற்றிய ஓர் ஆய்வு. வலிகாமத்தில் சில கிணறுகளில் நீர்மட்டம் பதிகிற சின்னக் கருவிகளைத் தொங்கவிட்டிருந்தோம், யோகன் அண்ணை என்பவர் மோட்டார் சைக்கிளில் போய் அவற்றில் பதிந்திருப்பதை எடுத்துக்கொண்டு வருவார், நான் அதை வாங்கி பைதனில் எழுதிய ஒரு நிரலைக்கொண்டு வரைபு கீறுவேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு படம். கீழே திகதி, பக்கத்தில் நீர்மட்டம், நடுவில் ஒரு நீலக் கோடு. வீட்டு மோட்டர் ஓடும்போது கோடு கொஞ்சம் இறங்கும், பிறகு ஊற்று நிரப்ப ஏறும், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் நிரோசா இருந்தாள், அவளுக்கு அறிக்கை எழுதுகிற வேலை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து நிரலை ஓட்டினேன். காங்கேசன்துறைப் பக்கத்துக் கிணறு ஒன்றின் படம் மட்டும் ஒரு மாதிரி வந்தது. அந்தக் காணி பல வருடம் கழித்து இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்து, பவளம் அக்கா என்பவர் தம்பியோடு வந்து குடியேறி இருந்தார், ஒடுங்கின, நல்ல ஆழமான கிணறு. யோகன் அண்ணை எடுத்துவந்த தரவு முதல்நாள் காலையோடு முடிகிறது. ஆனால் கோடு முடியவில்லை. முதல்நாளைத் தாண்டி, அன்றைய பொழுதையும் தாண்டி, நாளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. இது எங்களுக்குப் பழகின பிழை. முதலில் கீறின கிணற்றின் படத்தைத் துடைக்காமல் அடுத்ததைக் கீறினால் பழைய கோடு புதியதற்கு மேல் வந்து விழும். நிரலில் துடைக்கிற வரியைச் சேர்த்துவிட்டு ஓட்டினேன். கோடு அப்படியே கிடந்தது. சரி, நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், ஐந்தாம் மாதம் ஆறாம் திகதியை அது ஆறாம் மாதம் ஐந்தாம் திகதி என்று வாசித்தால் கோடு எங்கேயெல்லாமோ ஓடும், அதையும் திருத்தினேன். அப்படியே கிடந்தது. கோப்பின் கடைசி வரிகளை எடுத்துப் பார்த்தேன், முதல்நாள் காலையோடு சுத்தமாக முடிந்திருந்தது. பழைய படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேனோ என்று எல்லாப் படங்களையும் அழித்துவிட்டு வேறு பெயரில் சேமித்தேன். நம்பினால் நம்புங்கள், அதே கோடு, அதே வளைவு.

"நிரோசா, இதை ஒருக்கா உம்மடை மெசினிலை ஓட்டிப் பாரும்" என்று கோப்பை அவளுக்கு அனுப்பினேன்.

அவள் ஓட்டிவிட்டு, "உதென்ன, நாளையான் திகதி நிக்குது?" என்றாள்.

கடைசியாக, அந்தக் கிணற்றுக் கோட்டைக் கீறச் சொல்லுகிற வரியையே நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். கீற ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் சட்டம்தான் வரவேண்டும், கீழே திகதிகூட வராது, பூச்சியத்திலிருந்து ஒன்று வரை ஏதோ சும்மா எண்கள் நிற்கும். ஓட்டினேன். சட்டம் வந்தது. அதற்குள் நீலக் கோடு. கீழே நாளைய திகதி.

நிரோசா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு போய் இருந்தாள்.

அந்தக் கோடு என்ன செய்கிறது என்று பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். நாளை காலை வரை வழக்கம்போலப் போகிறது. பிறகு மளமளவென்று இறங்கி அடிக்குப் போகிறது, யாரோ கிணற்றை இறைக்கிற மாதிரி. அடியில் கொஞ்ச நேரம் கிடக்கிறது. பிறகு மெல்ல ஊறி ஏறத் தொடங்குகிறது. ஏறுகிற இடத்தில் ஏதோ ஒரு நெளிவு தெரிந்தது, அச்சைச் சுருக்கி அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினேன். நெளிவில்லை. ஒரு படி. ஒரு விரல்கடை உயரத்துக்கு, ஒரே தரத்தில், செங்குத்தாக.

அந்தப் படியை நான் முன்னமே ஒருதரம் கண்டிருக்கிறேன். ஏழாலைக் கிராமத்தில் ஒரு கிணற்றில் ஆடு விழுந்தபோது வரைபில் அப்படித்தான் வந்தது. உள்ளே ஏதோ விழுந்தால் தண்ணீர் அப்படி எழும்பும். ஆட்டை வெளியே எடுத்ததும் கோடு அதேயளவு கீழே இறங்கியது. இந்தப் படத்தில் கோடு இறங்கவே இல்லை. படியிலிருந்து அப்படியே மேலே ஏறிப் போனது.

யோகன் அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, பவளம் அக்காவின்ரை கிணறு நாளைக்கு இறைக்கினமோ?"

"ஓம் தங்கச்சி, காலமை இறைச்சுச் சேறு எடுக்கப் போறம் எண்டு இப்பத்தான் அவ சொன்னவ. எங்கடை கருவியைக் கழட்டவோ எண்டு உங்களிட்டைக் கேப்பம் எண்டு நினைச்சனான். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் உள்ளுக்கை இறங்கிறது?"

"அவவின்ரை தம்பி செல்வன். ஏன்?"

என்ன சொல்லுவது? வரைபு சொன்னது என்றா? "கருவியைக் கழட்ட வேண்டாம் அண்ணை, நான் நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அறைக்குப் போய்க் குளித்தேன், சோறு போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினேன், துவைத்த உடுப்பையே திரும்பத் துவைத்தேன். படுத்தால் கண்ணுக்குள் அந்தப் படி வந்து நிற்கிறது. நிரலில் ஏதோ சின்னப் பிழை, ஒரு காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி, அதைத்தான் நான் விட்டுவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, கீறுகிற வரியே இல்லாமல் கோடு எப்படி வரும் என்று அதே மனதால் கேட்டுக்கொண்டும் கிடந்தேன். விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். தெல்லிப்பழை தாண்டும்போது, இவ்வளவு தூரம் வந்து என்ன சொல்லப்போகிறாய், திரும்பிப் போ என்று ஒரு தரம் ஸ்கூட்டியை நிறுத்தியும் விட்டேன். பிறகு போனேன்.

நான் போய்ச் சேர அவர்கள் இறைத்து முடித்திருந்தார்கள். கிணறு ஆழமென்பதால் மேலே வைத்த வோட்டர் பம்ப் தண்ணீரை இழுக்காதென்று, உள்ளே பாதி ஆழத்தில் இருந்த கல் விளிம்பில் பலகை போட்டு, பம்பைக் கயிற்றில் இறக்கி அங்கேயே ஓடவிட்டிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய்ப் புகை மணம் வந்தது. செல்வன் அண்ணை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்தார், ஒரு கால் ஏற்கெனவே உள்ளே.

"அண்ணை, இறங்காதேங்கோ" என்றேன். ஸ்கூட்டியின் ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை, அது பின்னால் விழுகிற சத்தம் கேட்டது.

அவர் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை, உங்கடை மெசினை நான் உடைக்க மாட்டன்."

"அதில்லை. இண்டைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாதெண்டு எங்கடை கந்தோரிலை சொன்னவை." அலுவலகத்தில் அப்படி ஒருவரும் சொல்லவில்லை, பச்சைப் பொய்.

"கந்தோருக்கு என்ன வந்தது? எங்கடை கிணறு" என்று பவளம் அக்கா முகத்தைச் சுளித்தார். "மழை இருட்டுக் கட்டுது. இப்ப விட்டால் பிறகு ஊறிப் போயிடும், திரும்ப முதலிலையிருந்து இறைக்க வேணும்."

செல்வன் அண்ணை மற்றக் காலையும் தூக்கினார். நான் ஓடிப்போய் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அறியாத ஓர் ஆம்பிளையின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அழுகையும் வருகிறது, எனக்கே வெட்கமாக இருந்தது. கருவியைப் பார்க்க எனக்கு முதலே வந்திருந்த யோகன் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "செல்வன், பொறு. பிள்ளையின்ரை மனம் ஆற ஒருக்கா விளக்கை விட்டுப் பாப்பம்" என்றார்.

ஒரு அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வாளியில் வைத்து இறக்கினார்கள். பம்ப் இருந்த பலகைக்குக் கொஞ்சம் கீழே போனதும் அது அணைந்தது. காற்றாக்கும் என்று திரும்பக் கொளுத்தி விட்டார்கள். அதே இடத்தில் அணைந்தது. மூன்றாம் தரம் செல்வன் அண்ணையே கயிற்றைப் பிடித்து இறக்கினார். அது அணைந்ததைப் பார்த்துவிட்டு இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கனநேரம் எடுத்தது. பவளம் அக்கா அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

இது வரைக்கும் உங்களுக்கு ஒரு விளக்கம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. புகை அடைத்த கிணறு, அதற்குள் காற்றில்லை, இறங்கியிருந்தால் ஆள் மயங்கி விழுந்திருக்கும். நான் ஏதோ கனவு கண்டு பயந்துபோய் வந்தேன், அது தற்செயலாகச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பம்பை மேலே தூக்கிவிட்டு, அன்றைக்கு வேலையை விட்டுவிட்டார்கள். பவளம் அக்கா என்னைப் போகவிடவில்லை. சோறும் முரல் மீன் குழம்பும் தந்தார். மாமரத்தின் கீழ் பாய் போட்டு எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். நான் இருந்த இடத்திலிருந்து கிணறு நேரே தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு காகம்கூடக் கிணற்றுக்கட்டில் வந்து இருக்கவில்லை. செல்வன் அண்ணை எனக்கு முன்னால் இருந்து இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் யோகன் அண்ணையிடம் சொல்லி கருவியில் பதிந்ததை எடுப்பித்தேன். வரைபு கீறினேன். இந்தத் தரம் உண்மையான தரவு. பழைய படத்தை அதற்கு மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு தெரியவில்லை, ஒன்றுதான் தெரிந்தது. இறக்கம், அடி, ஊற்று, எல்லாம் மயிரிழை பிசகாமல்.

படியும் இருந்தது.

நேரத்தைப் பார்த்தேன். நாங்கள் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். கல் விழுந்ததோ என்று யோசித்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லையே. கிணற்றின் வாய்ப்பரப்பையும் படியின் உயரத்தையும் பெருக்கிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. வளர்ந்த ஓர் ஆளின் உடம்பளவு வந்தது. சில நாள் கழித்து, புகையில்லாத மின் மோட்டரை உள்ளே இறக்கி இறைத்து, காற்றடித்து, விளக்குவிட்டுப் பார்த்து, செல்வன் அண்ணைதான் இறங்கிச் சேறு எடுத்தார். ஓர் உடைந்த வாளியும் ஓட்டுத் துண்டுகளும் வந்தன. வேறொன்றும் இல்லை. அதுவரையும் கோடு அந்த ஒரு விரல்கடையை இறங்கவே இல்லை.

நிரோசா தன் கணினியில் இருந்த படத்தை அழித்துவிட்டாள். "அதைப் பற்றி என்னோடை கதைக்காதேயும்" என்றாள். படியைப் பற்றி நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. யோகன் அண்ணைக்கும் சொல்லவில்லை, பவளம் அக்கா வீட்டுக்குச் சொல்லவே இல்லை. நல்லாயிருக்கிற சனத்திடம் போய் இதை என்னவென்று சொல்லுவது? பிறகு நான் அந்த வேலையையும் விட்டுவிட்டேன்.

போன மாதம் திருநெல்வேலிச் சந்தையில் செல்வன் அண்ணையைக் கண்டேன். உடம்பு வைத்திருந்தார், கையில் மரக்கறிப் பை, என்னைக் கண்டதும் நல்ல சந்தோஷம். அதையும் இதையும் கதைத்துவிட்டு, "பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள், ஒண்டு கேக்கட்டே?" என்றார்.

"கேளுங்கோ அண்ணை."

"மத்தியானத்திலை சாப்பிட இருந்தால் எனக்குக் காது ரண்டும் அடைக்குது. கிணத்துக்கை முழுகினால் அடைக்குமே, அந்த மாதிரி. டொக்டரிட்டையும் காட்டினனான், காதிலை ஒண்டும் இல்லை எண்டிட்டார். பக்கத்திலை இருந்து அக்கா கதைக்கிறதுகூட மேலையிருந்து கேக்கிற மாதிரிக் கிடக்கு."

எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. "மேலையிருந்தோ?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.

"ஓம், நல்லா மேலையிருந்து" என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினார்.