ஒயரைப் பிடுங்கியவள் என்றார்கள்

பிரகதீஸ்வரிக்கு வந்த மின்னஞ்சல் நான்கே வரிதான். பெண்களுக்கான இணைய விளையாட்டுப் போட்டியில் அவள் மூன்று ஆட்டங்களில், தன் அணி பின்தங்கியிருந்த நேரம் பார்த்து, வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்திருக்கிறாளாம். அதனால் ஆறு மாதத் தடை. தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஒரு மாதமாகக் குறைப்பார்களாம். இதே செய்தியை அவள் பெயரோடு போட்டியின் முகநூல் பக்கத்திலும் போட்டிருந்தார்கள்.

ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்கு இணைப்பு போனால் அந்தச் சுற்றை நிறுத்தி, முதலிலிருந்து ஆட விடுவது அந்தப் போட்டியின் விதி. தோற்கப்போகிற சுற்றில் ஒயரைப் பிடுங்கினால் அது ஆதாயம்தான். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பிடுங்கவில்லை.

ஆலங்குடியிலிருந்து வீட்டுக்கு வரும் பேருந்தில் நின்றுகொண்டே அதைப் படித்தாள். இறங்குவதற்குள் திருச்சியிலிருந்து ஹரிணி அழைத்துவிட்டாள். ஹரிணிதான் அணித்தலைவி, பிரகதீஸ்வரியைவிட ஒன்பது வயது சின்னவள்.

"ஒரு மாசந்தானேக்கா, எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சிரும்."

"ஒரு நாளா இருந்தாலும் எழுத மாட்டேன், ஹரிணி."

அன்றே அமைப்பாளர் ஜெபக்குமாருக்குப் பதில் அனுப்பினாள். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்க முடியாது, என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடித்து அனுப்புகிறேன் என்று இரண்டே வாக்கியம்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. ஆலங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம். கணவன் உதயசூரியன் கத்தாரில் இருந்தான். அவள் தென்னந்தோப்புக்குள் இருந்த அப்பா வீட்டில் இருந்தாள். பிற்பகலில் கணினி முன் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி ஆட்டம் ஆடுவாள். கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. பிள்ளையைக் கொஞ்ச வேண்டிய வயதில் பொம்மையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெருவில் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அதற்காக அவள் ஜன்னலைச் சாத்தியதில்லை.

முதலில் இணைப்புக் கொடுத்த கேபிள்காரர் ரெங்கராஜிடம் போனாள். போட்டி ஆட்டங்கள் மூன்று மணிக்குத் தொடங்குகின்றன, மூன்றரையைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகிறது என்றாள். அவர் செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கேம் என்றால் அப்படித்தான், பெரிய பிளானுக்கு மாறினால் சரியாகிவிடும் என்றார். தெருவில் வேறு யாருமே குறை சொல்லவில்லையே என்றும் கேட்டார். அந்தக் கேள்வியையும் மனதில் குறித்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

பரிசோதனை நிலையத்தில் அவள் பழகிய முறை ஒன்று உண்டு. ஒருவரின் ரத்தத்தில் சர்க்கரை நம்ப முடியாத அளவுக்கு ஏறிக் காட்டினால், உடனே அவரைச் சர்க்கரை நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது. கருவியைப் பார்க்க வேண்டும், மருந்தைப் பார்க்க வேண்டும், மாதிரி எடுத்த கையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

அப்படியே செய்தாள். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக ஒயர் போட்டாள். அறுந்தது. ஒயரை மாற்றினாள். அறுந்தது. கூட வேலை பார்க்கும் அருணாவிடம் ரவுட்டரை இரவல் வாங்கி மாட்டினாள். அப்போதும் அறுந்தது. பிறகு ஆட்டத்தை மூடிவிட்டு வெறும் 'பிங்' மட்டும் ஓட விட்டாள். கணினி ஒரு துளித் தகவலை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று நொடிக்கு நொடி காட்டும் சோதனை அது. திரையின் ஒரு ஜன்னலில் தன் வீட்டு ரவுட்டருக்கு, பக்கத்து ஜன்னலில் வெளியே ரெங்கராஜின் அலுவலகத்துக்கு. மூன்று முப்பத்தாறுக்கு வெளியே போன துளிகள் திரும்பி வரவில்லை. வீட்டு ரவுட்டர் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் கழித்து எல்லாம் சரியானது.

ஆக, கோளாறு அவள் வீட்டு வாசலுக்கு வெளியே இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட அன்று அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அடுத்த பதினெட்டு நாட்களும் ஒரு நோட்டில் நேரம் குறித்தாள். மூன்று முப்பத்தொன்று, மூன்று முப்பத்தெட்டு, மூன்று முப்பத்து நான்கு. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. பத்தொன்பதாம் நாள் நல்ல மழை. அன்று நான்கு மணி ஆகியும் இணைப்பு போகவில்லை. மழைக்குத்தான் இணைப்பு கெடும், இங்கே மழைக்கு நன்றாக இருக்கிறதே என்று அவள் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா நாகராசு ஈரத் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்த மழையில எவன் மோட்டாரு போடுவான்? எல்லாரும் ஆப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டாய்ங்க" என்று தன் போக்கில் சொன்னார்.

அவள் நிமிர்ந்தாள். மற்ற நாளில் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டாள். த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஓடும், மூணரைவாக்கில் வரும் என்றார். எல்லாத் தோப்பிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்ததால் யாரும் போய்ச் சுவிட்ச் போடுவதில்லை. மும்முனை மின்சாரம் வந்த நொடியிலேயே இருபது முப்பது மோட்டார்கள் ஒன்றாக உறுமிக் கிளம்பும். அப்போது வீட்டு மின்சாரம் கண்சிமிட்டும். அவள் கணினியும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் ஓடியதால் அவளுக்கு அது தெரிந்ததே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கம்பத்திலிருந்து வரும் இணைய ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அது தெரு முக்கில் இருந்த காத்தாயியின் டீக்கடைச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போய் முடிந்தது. பதினோரு வீடுகளுக்கு அங்கிருந்துதான் இணைப்புப் பிரிந்தது. பெட்டிக்கு மின்சாரம், கடையின் பல்பு இருக்கும் அதே லைனிலிருந்து. ஒரு டீ சொல்லிவிட்டு, செல்போனை அந்தப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று முப்பத்தைந்துக்குத் தோப்புப் பக்கம் மோட்டார்கள் உறுமின. கடை பல்பு மங்கியது. பெட்டியின் சந்தில் மினுக்கிய பச்சை விளக்குகள் மொத்தமாக அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

காத்தாயி வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "அது தெனம் இந்நேரத்துக்கு ஒருவாட்டி கண்ண மூடித் தெறக்கும், தாயி. எங்கிட்ட யாரும் கேக்கலையே" என்றாள்.

படம் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒன்றரை நிமிடம் திரையில் வட்டம் சுற்றும், பிறகு தானாக ஓடும். அதனால்தான் தெருவில் யாரும் குறை சொல்லவில்லை. ஆட்டம் அப்படி யாருக்காகவும் காத்திருக்காது.

வீடியோவோடு ரெங்கராஜிடம் போனபோது அவருடைய கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் பார்த்தார். பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தால் தீர்ந்துவிடும் என்பது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பொம்பளைப் பிள்ளை கேம் ஆடுவதற்காகத் தெருவில் பேட்டரி கட்ட வேண்டுமா என்று சிரித்தார். உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

"ஆமாண்ணே, கேம்தான் ஆடுறேன்" என்றாள் பிரகதீஸ்வரி. "நீங்க லைன் குடுக்குறப்ப எதுக்குன்னு கேக்கல. நானும் சொல்லல. லைன் நிக்காம வரணும், அவ்வளவுதான்."

அன்று மாலையே இணைப்பு நிறுவனத்தின் மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். மேஜையில் வந்து எட்டிப் பார்த்த அப்பா, கேம் என்று எழுதாதே, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அனுப்ப முடியவில்லை என்று எழுது, உடனே வருவார்கள் என்றார். நல்ல யோசனைதான். அவள் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதால் அதில் பொய்யும் பாதிதான்.

"எழுத மாட்டேன்ப்பா. கேம்னுதான் எழுதுவேன். இல்லாட்டி நாளைக்கும் அது தப்புன்னு ஆயிரும்."

அவள் எழுதி முடிக்கும்வரை நாகராசு பக்கத்திலேயே நின்றார். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மற்ற பத்து வீட்டுக்கும் தானே நடந்தார். ஒன்பது கையெழுத்தோடு திரும்பினார். பத்தாவது வீடு பூட்டியிருந்தது. நான்கு நாள் கழித்து ரெங்கராஜ் ஏணியோடு வந்து பெட்டிக்குள் பேட்டரியை மாட்டினார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து மோட்டார்கள் கிளம்பின, பல்பு மங்கியது, இணைப்பு அசையவில்லை. நோட்டின் பக்கங்களையும், பெட்டியின் வீடியோவையும், பழைய பயிற்சி ஆட்டங்களின் பதிவுகளையும் ஜெபக்குமாருக்கு அனுப்பினாள். ஜெயித்துக்கொண்டிருந்தபோது ஆறு முறை இணைப்பு அறுந்திருந்ததும் அந்தப் பதிவுகளில் இருந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது. தடை நீங்கியது, அடுத்த ஞாயிறே ஆடலாம், வாழ்த்துகள்.

குற்றச்சாட்டு மட்டும் முகநூலில் அப்படியே இருந்தது. அதைத் திருத்திப் போடுங்கள் என்று கேட்டாள். பழைய விஷயத்தைக் கிளறினால் போட்டிக்குக் கெட்ட பெயர், விட்டுவிடுங்கள் என்று ஜெபக்குமார் தொலைபேசியில் தன்மையாகவே பேசினார். என் பெயரை எல்லோரும் பார்க்கப் போட்டவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் எடுக்க வேண்டும், அதுவரை ஆட மாட்டேன் என்று அவளும் தன்மையாகவே சொன்னாள்.

அவள் இல்லாமல் அணி அரையிறுதிக்குப் போய்த் தோற்றது. ஹரிணி அழுதாள், கோபப்பட்டாள், ஒரு வாரம் பேசவில்லை. கத்தாரிலிருந்து உதயசூரியன்கூட, ஆடிவிட்டுச் சண்டை போட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தான். அந்த வாரம் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஞாயிறு மூன்று மணிக்குக் கணினியைத் திறக்காமல், அப்பாவோடு தேங்காய் பொறுக்கப் போனாள்.

பிறகு ஹரிணியே போட்டிப் பக்கத்தில் வீடியோவைப் போட்டு நடந்ததை எழுதினாள். இன்னும் இரண்டு அணிகள் கேள்வி கேட்டன. நான்காவது வாரம் திருத்தம் வந்தது. குற்றச்சாட்டு தவறு, வருந்துகிறோம், இனி இணைப்பு அறுந்தால் பதிவுகளைச் சரிபார்க்காமல் யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று இருந்தது. பெயரைப் 'பிரகதேஸ்வரி' என்று போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழையைச் சரிசெய்யுங்கள் என்று உடனே எழுதினாள். ஜெபக்குமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார்.

புதிய போட்டியின் முதல் ஆட்டம் ஆலங்குடிச் சந்தை நாளில், மூன்று மணிக்கு. மூன்று முப்பத்து மூன்றுக்குத் தோப்பில் மோட்டார்கள் கிளம்பிய சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. அவள் அணி அப்போது நான்கு சுற்றுப் பின்தங்கியிருந்தது. எதிரணியில் யாரோ, இப்போது ஒயரைப் பிடுங்கு பார்ப்போம் என்று எழுதினார்கள். பிரகதீஸ்வரியின் கண் திரையின் இடது ஓரத்தில் இருந்தது. "ஹரிணி, இடது பக்கம் ஒருத்தி வாரா, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.