பதினான்கு நிலைகள்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் என் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்சுவரிலிருந்து பதினோராவது அடியில் மண்மேடு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கீழ் லயமும் மேல் லயமும் சேர்ந்துதான் பாடசாலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தார்கள். முன்பு ஒரு தடவை கீழ் லயம் மட்டும் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பியதற்கு, மேல் லயத்தார் அவர்களுக்குப் 'பாய்சுருட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து, "நாங்க ரெடி" என்று ஒவ்வொரு லயமும் மற்றதற்குப் போனில் செய்தி அனுப்பும். மற்றதன் செய்தி வந்தால்தான் கிளம்பும்.

என் மகளுக்குக் கொழும்பில் வேலை. தலைமை இல்லாத பல கணினிகள் தமக்குள் செய்தி அனுப்பி ஒரே முடிவுக்கு வருமா என்று, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே விதிகளை எழுதிச் சரிபார்ப்பவள். பதுளையில் சும்மா இருக்கும் பழைய கணக்கு வாத்தியார் நான். லயத்து விதியை அவளிடம் கொடுத்தேன். மழையில் செய்தி தொலையலாம் என்பதையும் சேர்த்தேன். எந்தச் செய்தி போனது, சேர்ந்தது, தொலைந்தது என்று நான் கையால் போட்டதில் பதின்மூன்று நிலைகள். அவளுடைய கணினி பதினான்கு என்றது. நான் விட்டது, இரண்டு செய்தியும் தொலைந்து, இரண்டு லயமும் காத்துக்கொண்டே இருக்கும் நிலை.

"முடியிற இடம் நாலுப்பா. ஒண்ணுலதான் எல்லாரும் வெளிய வர்றாங்க."

"கிடைச்சிருச்சுன்னு பதில் அனுப்பச் சொன்னா?"

"அந்தப் பதில் தொலைஞ்சா?"

பதிலுக்குப் பதில் என்று ஏழு வரை போட்டுப் பார்த்தேன். எத்தனை போட்டாலும் கடைசிச் செய்தி தொலையலாம். சேர்ந்து போவது என்பதையே விட்டால்தான் உண்டு என்றாள் மகள்.

பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"பாய்சுருட்டின்னு உன்னயா கூப்புடுறாங்க?" என்று பிளேன் டீயை நீட்டினாள்.

அடுத்த மாதம் எச்சரிக்கை வந்தது. பகல் முழுவதும் மழை. அக்காவை முப்பத்திரண்டு தடவை அழைத்தேன். ஒரே தடவை கிடைத்தாள்.

"மூட்டை கட்டிட்டோம் தம்பி. மேல இருந்துதான் இன்னும் செய்தி வரல."

இணைப்பு அறுந்துவிட்டது. மேல் லயத்து எண்கள் இரண்டு என்னிடம் இருந்தன. இரண்டும் கிடைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

"இங்கருந்து நான் என்னப்பா பண்ண?" என்றாள்.

மறுநாள் மலை அப்படியே நின்றது. இரண்டு லயமும் மற்றதன் செய்திக்குக் காத்து, மூட்டையோடு வீட்டிலேயே இருந்திருக்கின்றன.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல. ஒன் கணக்கெல்லாம் கடதாசியில" என்று சிரித்தாள் அக்கா.

ஒரு தடவை தப்பியது விதி சரி என்பதற்குச் சாட்சியல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், இதுவரை சேராமலிருந்த நடு லயத்தாரும் இந்தப் பேச்சில் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். இனி மூன்று லயமும் ரெடி என்றால்தான் கிளம்புவார்களாம்.